சாவு வீட்டில் அணைக்கக் கூடாத போன்

முன்பெல்லாம் ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டால் துக்கம் கொஞ்சம் அடங்கியதும் தேடுவது பீரோ சாவியைத்தான். உள்ளே ஒரு தகரப் பெட்டியோ, துணிக்கடை மஞ்சள் பையோ இருக்கும். எல்ஐசி பத்திரம், பாஸ்புக், நகைக்கடன் ரசீது, யாருக்கோ கைமாற்றாகக் கொடுத்த தொகையைக் குறித்துவைத்த காலண்டர் தாள் என்று அவருடைய வரவு செலவெல்லாம் அதற்குள் கிடக்கும். அதைக் கீழே கொட்டி, கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்து பிரித்தால் ஒரு சாயங்காலத்தில் கணக்கு தெரிந்துவிடும். இப்போது அந்தப் பை மெலிந்துபோய்விட்டது. வைப்புத்தொகை ரசீது காகிதமாக வருவதில்லை. இன்சூரன்ஸ் பாலிசி மின்னஞ்சலுக்கு வருகிறது. மியூச்சுவல் ஃபண்டு எஸ்ஐபி, அதாவது தவணை முதலீடு, மாதாமாதம் சத்தமில்லாமல் கழிகிறது. இவை எல்லாவற்றுக்கும் மிச்சமிருக்கும் ஒரே தடயம், அந்த மனிதரின் போனுக்கு வந்த எஸ்எம்எஸ்.

இருந்தும், இறப்புக்குப் பிறகு பல வீடுகளில் முதலில் கைவிடப்படுவது அந்த எண்தான். “செத்தவர் நம்பருக்கு யாராவது ரீசார்ஜ் பண்ணுவாங்களா?” என்று ஒருவர் சொல்வார், சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பயன்படுத்த ஆளில்லாத பொருளுக்கு ஏன் காசு? ஆனால் ஒரு சாவு வீட்டில் சொல்லப்படும் வாக்கியங்களிலேயே பின்னாளில் அதிகச் செலவு வைப்பது இதுதான் என்பது என் கருத்து. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு இலைக்கட்டு வாங்க யோசிக்காத குடும்பம், இருநூறு ரூபாய் ரீசார்ஜுக்கு யோசிக்கிறது. பிறகு அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி ஒன்றுக்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறது.

ஆனால் ரீசார்ஜ் செய்யாமல் விடுவது இரண்டாவது தவறு. முதல் தவறு அதற்கும் முன்னால், உடல் இன்னும் வீட்டில் இருக்கும்போதே நடந்துவிடுகிறது.

மூன்றாம் நாளுக்குள்

செய்தி பரவியதும் அந்த போன் ஓயாமல் அடிக்கும். விஷயம் தெரியாமல் அழைப்பவர்கள், தெரிந்து நம்பாமல் அழைப்பவர்கள், பேரன் சொன்னதைச் சரிபார்க்க அழைப்பவர்கள். ஒப்பாரிக்கு நடுவே அவருக்குப் பிடித்த பாட்டே ரிங்டோனாக ஒலித்துக்கொண்டிருப்பதை யாராலும் தாங்க முடியாது. யாரோ ஒருவர், பெரும்பாலும் வீட்டு மாப்பிள்ளை, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, அலமாரியில் வைத்துவிடுவார். நல்லெண்ணத்தில் செய்கிற வேலைதான். கெட்டுப்போவது அந்த நொடியில்தான்.

காரணம் இது. இன்றைய ஸ்மார்ட்போன் ஓடிக்கொண்டிருக்கும்போது கைரேகையையோ முகத்தையோ ஏற்றுக்கொள்ளும். அணைத்துப் போட்டுவிட்டால் ஏற்றுக்கொள்ளாது. முதல் முறை திறக்க பின் எண்ணோ, பேட்டர்னோ, கடவுச்சொல்லோதான் வேண்டும். அது வெறும் கதவுப் பூட்டும் இல்லை. உள்ளே இருக்கும் தகவல் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதை அவிழ்க்கும் சாவி அந்தப் பின் எண்ணிலிருந்துதான் கிடைக்கிறது. மறுதொடக்கம் ஆனபின் முதல் முறை திறக்கும்வரை போனுக்கே தன் உள்ளே இருப்பது தெரியாது. அந்த நிலையில் அழைப்பு வந்தால் திரையில் பெயர் வராது, வெறும் பத்து இலக்கம்தான் வரும். “தங்கச்சி” என்று பதிந்த எண்ணும் அப்போது அதற்கு யாரோ ஒருவர்தான்.

பல வீடுகளில் மனைவியின் விரலும் அதே போனில் பதிவாகியிருக்கும். அதனால் ‘எங்கம்மா விரல் வெச்சா திறக்கும்’ என்று தைரியமாக இருப்பார்கள். அணைக்காதவரை அது உண்மை. அணைக்காவிட்டாலும் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் கடைசியாகப் பின் எண் போட்டு 72 மணி நேரம் ஆகிவிட்டால் விரலை மறுத்துப் பின் எண்ணைக் கேட்கும். புதிய ஐபோன்களும் சில ஆண்ட்ராய்டு போன்களும் மூன்று நாள் தொடர்ந்து பூட்டியே கிடந்தால் தாமாகவே மறுதொடக்கம் ஆகிவிடும். போன் திருடர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. சாவு வீட்டின் கணக்கில் பார்த்தால் பால் தெளிக்கும் நாளோடு கெடு முடிகிறது.

ஆகவே செய்ய வேண்டியது: போனை சைலன்ட்டில் போடுங்கள், அணைக்காதீர்கள். ஒலிக்குறைப்புப் பொத்தானுக்குப் பூட்டைத் திறக்கத் தேவையில்லை. உடனே சார்ஜரில் மாட்டுங்கள், ஏனென்றால் பேட்டரி தீர்ந்து அணைவதும் அணைவதுதான். வீட்டில் யாருக்காவது பின் எண் தெரியுமா என்று அன்றே கேளுங்கள். வாரம் கழித்துக் கேட்டால், பேரப்பிள்ளை விளையாட வாங்கியபோது பார்த்த எண்ணை மறந்திருப்பான். தெரியாவிட்டால் பிறந்த வருடம், வண்டி எண் என்று வரிசையாக அடித்துப் பார்க்காதீர்கள். ஐந்து முறை தப்பினால் ஆண்ட்ராய்டு காத்திருக்கச் சொல்லும், தப்பத் தப்பக் காத்திருப்பு நீளும். ஐபோனில் அந்த அமைப்பைத் தேர்ந்து வைத்திருந்தால் பத்தாவது தவறில் எல்லாம் அழிந்துவிடும். இறந்தவரின் விரலையே எடுத்து வைத்துப் பார்ப்பதும் நடக்கிறது. உயிரற்ற விரலை உணரி ஏற்காமல் போகலாம் என்பதோடு, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்க மறக்காது. வேண்டாம்.

கைரேகையில் திறக்கிறது, பின் எண் மட்டும் தெரியாது என்றால் அந்த ஒரு அமர்வை வீணாக்கக் கூடாது. முதலில் செட்டிங்ஸில் திரை அணையும் நேரத்தை இருப்பதிலேயே அதிகமானதற்கு மாற்றுங்கள். பூட்டை நீக்கப் பார்க்காதீர்கள், அதற்கும் பழைய பின் எண்ணைத்தான் கேட்கும். பிறகு எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து, ஒரு வருடம் பின்னால்வரை உருட்டிக்கொண்டே போய், இன்னொரு போனால் திரையைப் படம் எடுங்கள். அதே போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பவர்கள் உண்டு. அவையும் அதே பூட்டுக்குள்தான் மாட்டிக்கொள்ளும்.

எல்லாச் செய்தியும் தேவையில்லை. 2025 மே முதல் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டி வருகிறது. பி (P) என்றால் விளம்பரம், தள்ளிவிடலாம். டி (T) பணப் பரிவர்த்தனை, எஸ் (S) சேவை, ஜி (G) அரசு. இந்த மூன்றும்தான் நமக்கு வேண்டியவை. தேடுபெட்டியில் “பிரீமியம்”, “நாமினி”, “மெச்சூரிட்டி”, “மேண்டேட்”, “ஃபோலியோ” ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் போடுங்கள். 436 என்ற எண்ணையும், 20 ரூபாய்ப் பற்றையும் தனியாகத் தேடுங்கள். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாயும், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும். இரண்டுக்கும் காப்பீட்டுத் தொகை 2 லட்சம். கணக்கு தொடங்கும்போது வங்கியில் நீட்டிய ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதோடு மறந்திருப்பார்கள், வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜீவன் ஜோதி 55 வயதோடு முடிந்துவிடும் என்பதால் இது தாத்தாக்களுக்குப் பொருந்தாது. நடுவயதில் திடீரென்று போனவர்களின் வீட்டில் கட்டாயம் தேட வேண்டியது.

வாட்ஸ்அப்பைத் திறக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். இறந்தவருக்கும் அந்தரங்கம் உண்டு. பணக்கணக்கு தேடப் போய் வேறெதையாவது படித்துவிட்டு, அதைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் திண்டாடும் குடும்பங்கள் இருக்கின்றன.

பூட்டிய பெட்டிக்கு மாற்றுவழி

இனி, அணைத்தாகிவிட்டது, பின் எண் யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளின் நிலைமை இதுதான். இங்கேதான் சிம் என்ற அந்தச் சின்னத் துண்டின் அருமை தெரியும். பழைய எஸ்எம்எஸ்கள் போனின் நினைவகத்தில் இருக்கின்றன, சிம்மில் இல்லை. சிம்மை வேறு போனில் போட்டால் பழையது ஒன்றும் வராது. ஆனால் புதிதாக வருவதெல்லாம் சிம் இருக்கும் இடத்துக்கு வரும். ஒரு மனிதரின் பணவாழ்க்கை வருடத்துக்கு ஒரு முறை சுற்றிவரும் தன்மை உடையது. காலாண்டு பிரீமியம், ஆண்டு பிரீமியம், லாக்கர் வாடகை, வைப்புத்தொகை முதிர்வு, பணமில்லாமல் திரும்பிய எஸ்ஐபி, சொத்துவரி நினைவூட்டல், மே மாதத்து 436. பூட்டிய போனில் என்ன இருந்ததென்று தெரியாமல் போனாலும், எண்ணை ஒரு வருடம் உயிரோடு வைத்திருந்தால் அந்தக் கணக்குகள் ஒவ்வொன்றாகத் தாமே வந்து கதவைத் தட்டும். வங்கிக்குத் தகவல் சொல்லிக் கணக்கை முடக்கிய பிறகும், கழிக்க முடியவில்லை என்ற செய்தியாவது வரும். அதுவும் துப்புதான்.

ஆகவே சிம்மை எடுத்து, மூலையில் கிடக்கும் பழைய பட்டன் போனில் போட்டுவையுங்கள். பின் எண் போட்ட சிம்மாக இருந்தால் மூன்று தவறான முயற்சிக்குப் பிறகு, சிம் பூட்டைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். அதிலும் பத்து முறை தப்பினால் சிம் செத்துவிடும். பியூகே எண் சிம் வந்த அட்டையில் அச்சாகியிருக்கும். போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் என்றால் கழற்றவே முடியாது, நேராக நிறுவனத்தின் கடைக்குத்தான் போக வேண்டும். கால் ஃபார்வர்டு போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அழைப்பு மட்டும்தான் திரும்பும், எஸ்எம்எஸ் திரும்பாது.

எண்ணை உயிரோடு வைத்திருப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ப்ரீபெய்டு இணைப்பை 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால்தான் துண்டிக்கலாம். எதெல்லாம் பயன்பாடு? உள்வரும் அல்லது வெளிச்செல்லும் அழைப்பு, நாம் அனுப்பும் எஸ்எம்எஸ், டேட்டா. நமக்கு வரும் எஸ்எம்எஸ் இதில் சேராது. அதாவது தினமும் வங்கிச் செய்தி வந்துகொண்டிருந்தாலும், மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்த சிம் விதியின் பார்வையில் உறங்குகிறது. மாதம் ஒரு முறை அந்த எண்ணுக்கு நீங்களே அழைத்து, எடுத்து, பத்து நொடி பேசிவிடுங்கள். பேச என்ன இருக்கிறது என்று கேட்டால், அது உங்கள் விருப்பம். திட்டக்காலம் முடிந்தபின் உள்வரும் எஸ்எம்எஸ் எத்தனை நாள் வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் திட்டம் தீராமல் பார்த்துக்கொள்வது நல்லது. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. இவற்றின் காலவரம்பையும் 365 நாள்வரை நீட்டியது. வருடத் திட்டம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

சரியான வழி, எண்ணை வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்வது. இறப்புச் சான்றிதழ், உறவைக் காட்டும் ஆவணம், உங்கள் ஆதார் ஆகியவற்றோடு நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போக வேண்டும். தெருமுனை ரீசார்ஜ் கடையில் இது ஆகாது. புது சிம் கொடுத்தால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. அன்றைக்கென்று ஓடிபி வேண்டிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணை விட்டுவிட்டால் அது வேறொருவருக்குப் போகும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் தொடர்பில்லாமல் இருந்தால் பொதுவாக நீங்கிவிடும். குடும்பக் குழுவில் இருந்த பெயர் ஒரு நாள் வெளியேறியதாகக் காட்டும். பிறகு “அப்பா” என்று பதிந்த எண்ணில் அறிமுகமில்லாத ஓர் இளைஞனின் பைக் படம் தெரியும். வங்கிப் பதிவில் மட்டும் அது இன்னமும் அப்பாவின் எண்தான். ரத்தான எண்களின் பட்டியலைப் பார்த்து வங்கிகளும் யுபிஐ செயலிகளும் வாரம் ஒரு முறையாவது தங்கள் பதிவைத் திருத்த வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் வந்திருக்கிறது. யுபிஐக்கு அது உதவும். எரிவாயு ஏஜென்சிக்கும் ரேஷன் அட்டைக்கும் அப்படி யாரும் திருத்திக்கொண்டிருக்கவில்லை.

முதலில் இடிப்பது அடுப்படியில்

உண்மையில் முதல் சிக்கல் வங்கியில் வராது, சமையலறையில் வரும். சிலிண்டர் பதிவு செய்ய அழைப்பது பெரும்பாலும் அந்த எண்ணிலிருந்துதான், சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் குறியீடும் அந்த எண்ணுக்குத்தான் வரும். எண் போனால் இருபது நாளில் அடுப்பு அணையும் நிலை. ரேஷன் ஸ்மார்ட் அட்டையில் இறந்தவரின் பெயரை நீக்க இணையத்தில் நுழைந்தால், ஓடிபி பதிவு செய்த எண்ணுக்கு, அதாவது பெரும்பாலும் அவருடைய எண்ணுக்கே போகும். அவரை நீக்க அவரிடமே அனுமதி கேட்கும் விசித்திரம். மின்கட்டணச் செய்தியும் அங்கேதான். இவற்றையெல்லாம் வீட்டில் இருக்கும் இன்னொருவர் எண்ணுக்கு மாற்ற, பழைய எண் கையில் இருந்தால் ஒரு மதியம் போதும்.

காகித வேலையில் ஒன்று மட்டும் நாள் கணக்கு உள்ளது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. 30 நாள்வரை தாமதக் கட்டணம், அதற்குமேல் போனால் உயர் அதிகாரியின் அனுமதி என்று சுற்று நீளும். பதிவின்போது பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். “கே. முருகேசன்” ஓரிடத்தில், “முருகேசன் கே” ஓரிடத்தில், “முருகேசன் கந்தசாமி” ஓரிடத்தில் இருந்தால், மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க வாக்குமூலம் எழுத வேண்டிவரும். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியருக்கு இ-சேவை வழியாக விண்ணப்பிக்கும்போதும் இதே பிரச்சினை வரும்.

ஆதாரை முடக்க அவசரப்படாதீர்கள். குடும்பத்தில் ஒருவரின் இறப்பைத் தெரிவிக்கும் வசதியை ஆதார் ஆணையம் 2025 ஜூனில் தன் தளத்தில் கொண்டுவந்தது. நல்ல வசதி. ஆனால் சிலிண்டர், ரேஷன், வருங்கால வைப்புநிதி ஆகியவற்றின் விவரத்தையெல்லாம் எடுத்து முடித்த பிறகு அதைச் செய்வது நடைமுறையில் எளிது.

செய்யக் கூடாத ஒன்று

சிம் கையில் இருக்கிறது, ஏடிஎம் அட்டை இருக்கிறது, பின் எண்ணும் தெரியும். காரியச் செலவுக்கு எடுத்துக்கொண்டால் என்ன? ஊரில் எல்லோரும் செய்வதுதான் என்பார்கள். எண்ணை வைத்திருக்கச் சொல்லும் நானே இதை மட்டும் செய்யாதீர்கள் என்பேன். கணக்குக்காரர் இறந்த நொடியில் அந்த அட்டையையோ யுபிஐயையோ பயன்படுத்தும் உரிமை யாருக்கும் இல்லை, நாமினிக்கும் இல்லை. நாமினி என்பவர் பணத்தை வங்கியிலிருந்து வாங்கும் தகுதி பெற்றவர். பங்கு பிரிப்பது வாரிசுரிமைச் சட்டத்தின் வேலை. இன்று ஒன்றாக அழும் அண்ணன் தம்பிகள் மூன்று வருடம் கழித்து வழக்கு போட்டால், இறந்த தேதிக்கு மறுநாள் எடுத்த ஐம்பதாயிரம் ஸ்டேட்மென்டில் பளிச்சென்று நிற்கும். ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்ற வகைக் கூட்டுக் கணக்கு மட்டும் விதிவிலக்கு, எஞ்சியவர் தொடர்ந்து இயக்கலாம். ஓய்வூதியம் வாங்கியவர் என்றால் இறப்பை உடனே தெரிவிக்க வேண்டும். இறப்புக்குப் பிறகு வரவான ஓய்வூதியத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும், அதைச் செலவழித்திருந்தால் குடும்ப ஓய்வூதியம் தொடங்கும்போதே இடறும்.

நேர்வழியும் முன்பு போல அவ்வளவு கடினமில்லை. நாமினி பதிவாகியிருந்தால் உரிமைக் கோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று ஆகிய மூன்றும் போதும். ஆவணங்கள் முழுமையாக வந்த 15 நாளுக்குள் வங்கி தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாரிசுச் சான்றிதழ் கேட்டு அனுப்பினால், நாமினி இருக்கும்போது அது எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிவரை வைக்கலாம். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நாமினி பதிவான குறிப்பு இருக்கிறதா என்று பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது ஒரு படிவம் நிரப்பினால் முடிந்தது. மறந்துபோன பழைய வைப்புகள் பத்து வருடத்துக்குப் பின் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அவற்றை உத்கம் என்ற தளத்தில் பெயரையும் பான் எண்ணையும் போட்டுத் தேடலாம், பணம் தொலைந்துவிடாது.

மின்னஞ்சலுக்கு ஓர் ஏற்பாடு இருப்பது பலருக்குத் தெரியாது. கூகுள் கணக்கில், செயல்படாத கணக்குக்கான மேலாளர் என்ற பகுதி 2013 முதலே இருக்கிறது. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம்வரை ஒரு கெடு வைத்து, அதுவரை நடமாட்டம் இல்லாவிட்டால் பத்துப் பேர்வரை யாருக்கு எதைக் காட்டலாம் என்று எழுதிவைக்கலாம். ஐபோனில் 2021 டிசம்பர் முதல் இதற்கு ஈடான வசதி வந்திருக்கிறது. ஆனால் இதைப் படிப்பவர்கள் தங்களுக்குச் செய்துகொள்வார்களே தவிர, எழுபது வயது அப்பாவிடம் போய், நீங்கள் போனபிறகு யார் பார்க்க வேண்டும் என்று கேட்க நாக்கு எழாது. அதற்குப் பதிலாக எளிதாகக் கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது. “போன் தொலைஞ்சுட்டா எடுக்கணும்னா என்ன நம்பர் போடணும்ப்பா, ஒரு தாள்ல எழுதி பீரோல வெச்சிடுங்க” என்று கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். போனின் பின் எண், மின்னஞ்சல் முகவரி, எந்தெந்த வங்கி, எந்தக் கிளை. இது போதும். யுபிஐ பின் எண்ணையும் ஏடிஎம் பின் எண்ணையும் எழுத வேண்டாம், அவை யாருக்கும் பயன்படப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. வருட ரீசார்ஜ் முடியப்போகிறது என்ற நினைவூட்டலும் எஸ்எம்எஸ்ஸாகத்தான் வரும், அதுவும் அந்த எண்ணுக்கே. பட்டன் போன் இழுப்பறையில் சார்ஜ் தீர்ந்து கிடந்தால் யாரும் பார்க்கப்போவதில்லை. தேதிக்கு ஒரு வாரம் முன்பாக உங்கள் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.